ஆமைப் பள்ளியில் இரண்டே முகம்

ஒரு காட்டில் ஓராசிரியர் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. இருந்தது என்று நான் சொல்கிறேன். அரசாங்கத்தைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். அங்கே இருபத்திரண்டு ஆமைக் குட்டிகளும் இரண்டு அணில்களும் படித்தன.

ஒருநாள் கல்வி அலுவலர் கொக்கு, இறக்கை இடுக்கில் கைபேசியோடு வந்து இறங்கினார். அதில் புதிதாக ஒரு செயலி. பிள்ளைகள் பக்கம் காட்டினால் முகங்களை எண்ணிவிடும்.

ஆமைக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் வந்தால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் வணக்கம். குட்டிகள் மரியாதை சொல்லி வளர்க்கப்பட்டவை. கொக்கைக் கண்டதும் இருபத்திரண்டு தலையும் உள்ளே போய்விட்டது. அணில்கள் மட்டும் பல்லைக் காட்டின.

'முகங்கள்: 2' என்றது செயலி.

"ஐயா, இத்தனை ஓடு இருக்கே, பாருங்க!" என்று பதறினார் முள்ளம்பன்றி வாத்தியார்.

"ஓடெல்லாம் கட்டடப் பிரிவு பாத்துக்கும்" என்றார் கொக்கு.

மறு வாரம் கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஓர் அறிவிப்பு. பவுனம்மா என்ற ஆமைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் பூங்கொடிதான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாள்: "பள்ளி மூ-டப்-பட-வில்லை. இரண்டு ஓடை தாண்டியுள்ள பள்ளியுடன் இ-ணைக்-கப்-பட்டது." மகள் முழுசாக வாசித்த முதல் வாக்கியம் இதுவா என்று பவுனம்மா அப்போதே கிளம்பினாள்.

மூன்று நாள் நடந்து கொக்கின் அலுவலகம் போய்ச் சேர்ந்தாள்.

"சார், எம்பொண்ணு திங்கக்கிழமை கெளம்பினா வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேருவா. வாத்தியார் 'திங்கக்கிழமை வா'ம்பார். அவ எப்ப சார் படிக்கிறது?"

"இலவச பஸ் பாஸ் தர்றோமே."

"காட்டுல ஏது சார் பஸ்?"

"அது போக்குவரத்துத் துறை. பிள்ளைங்க இருக்குன்னா முகத்தைக் காட்டுங்க, திறக்கறோம்."

பவுனம்மா ஊர் திரும்பினாள். மற்ற பெற்றோரையும் கூட்டி, ஒரு மாதம் குட்டிகளுக்குப் பாடம் எடுத்தாள். ஒரே பாடம்தான்: யார் வந்தாலும் கழுத்தை நீட்டி, கண்ணைப் பார். கிழட்டு ஆமைகள் "குலமானம் போச்சே!" என்று அடித்துக்கொண்டன. அவள் காதில் வாங்கவில்லை.

கொக்கு மறுபடி வந்தார். பூட்டிய கதவின் முன் இருபத்திரண்டு கழுத்துகள் நீண்டு அவரையே முறைத்தன.

"பெரியவங்க வந்தா மரியாதை தெரியாதா?" என்று கத்தினார்.

"தெரியும் சார். போன தடவை குடுத்தோம், நீங்க பூட்டு போட்டுட்டீங்க" என்றாள் பூங்கொடி.

செயலி அணில்களையும் சேர்த்து இருபத்து நான்கு என்றது. வேறு வழியில்லாமல் கொக்கு பூட்டைத் திறந்துவிட்டு, 'மாணவர் 24. ஒழுக்கம் பூஜ்யம்' என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் பெற்றோர்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு வகுப்பில் மாட்டினார்கள்.

நீதி: அதிகாரிகளுக்கு மரியாதை கொடு; ஆனால் முதலில் அவர்கள் எண்ணி முடிக்கட்டும், அப்புறம் கொடு.