ஜெயனி மூச்சு விடும் இடம்

இனிமேல் கையை அடக்கி, பிறத்தியார் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது என்று றெனால்ட் முடிவெடுத்தான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து மனைவி ஜெயனி படாத பாடுபட்டும் ஏறாத புத்தி, சக்ஸபோன்காரர் நஸாரின் ஒரே பேச்சில் ஏறிவிட்டது.

தலைமன்னார்க் கடற்கரையில் புதிதாகத் திறந்த ஹோட்டலில் சனிக்கிழமைதோறும் ஜாஸ் வாசிக்க மூன்று பேர். சக்ஸபோன் நஸார், கிற்றார் ஹுசைன். கீபோர்ட் றெனால்ட்தான், ஆனால் இன்னும் நிச்சயமில்லை.

"நான் ஊதேக்க நீங்களும் பக்கத்தில ஓடி வாறீங்க," என்றார் நஸார். "பின்னால நிக்கப் பழகுங்க றெனால்ட். நான் மூச்சு விடுற இடத்தில ஒரு கோட் வையுங்க, போதும். மிச்ச நேரம் கேளுங்க. சனிக்கிழமை சரிவராட்டி வேற ஆளைத்தான் பாக்கணும்."

கோட் என்றால் நாலு கட்டையைச் சேர்த்து அமத்துவது. றெனால்ட் இதுவரை திருவிழா மேடைகளில் கிடைத்த கட்டையையெல்லாம் அமத்தியவன். இந்த இடமும் போனால் கலியாண வீடுகளில் பைலா ஆட்டப்பாட்டு வாசித்தே கிழவனாகிவிடுவோம் என்று அவனுக்கு அழுகை வந்தது.

பழக ஓர் ஆள் வேண்டும். நிறுத்தாமல் போகிற ஆள், ஏறி இறங்கிப் போகிற ஆள், அடுத்து எங்கே திரும்பும் என்று எவருக்கும் பிடிபடாத ஆள். தேடி அலையத் தேவையிருக்கவில்லை. குசினிக்குள் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கீபோர்டைக் குசினி வாசலில் கொண்டுவந்து வைத்தான்.

"என்னப்பா இது?"

"ஒண்டுமில்லை. நீர் கதையும், நான் கேக்கிறன்."

ஜெயனி கையைக் கழுவிவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. கதைக்கத் தொடங்கினாள்.

அடடா, அதென்ன கதை! மீன் விலையில் ஏறியது, தமக்கையின் சுகவீனத்தில் தாழ்ந்தது, பக்கத்து வீட்டு நாயில் சுழன்றது. அவள் மூச்சு விட்ட இடத்தில் மெல்ல ஒரு கோட் வைத்தான். கடற்காற்று உள்ளே வந்து போனது. சொல்லெல்லாம் கரைந்து, அவள் குரல் மட்டும் அலைமேல் வெயில்போல ஆடியது. இவ்வளவு வடிவான குரலோடா இத்தனை காலம் குடும்பம் நடத்தினோம் என்று மனம் நெகிழ்ந்துபோனான். என்ன சொல்கிறாள் என்பது மட்டும் காதில் ஏறவேயில்லை.

வியாழக்கிழமை எதையோ நீளமாகச் சொல்லி, குரலை உயர்த்தி நிறுத்தினாள்.

"என்னப்பா, சரியோ?"

றெனால்ட் கண்ணை மூடிக்கொண்டு ஓர் இனிமையான கோட் வைத்தான்.

"வடிவாக் கேட்டனீங்களோ?"

இன்னொன்று வைத்தான். ஜெயனி சிரித்தாள். ரசனையுள்ள பெண் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை பின்னேரம் ஹோட்டலில் நஸார் ஊதினார். றெனால்ட் காத்திருந்தான், கேட்டான், அவர் மூச்செடுத்த இடத்தில் மட்டும் தொட்டான். வெள்ளைக்காரர்கள் தேத்தண்ணியை மறந்து இருந்தார்கள். முடிந்ததும் நஸார் அவன் தோளைத் தட்டினார்.

"இனி நீங்கதான். வேற ஆள் வேணாம்."

மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். ஜெயனி மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றாள்.

"ஜெயனி, இடம் கிடைச்சிட்டுது!"

"கிடைக்கும்தானே. மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சதெல்லே?"

"என்ன நேர்த்தி?"

"இடம் கிடைச்சா ஒரு வருசத்துக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில அம்மா பாட நீங்கள் வாசிக்கிறதெண்டு. வியாழக்கிழமை உங்களிட்டக் கேட்டுத்தானே வைச்சனான்? ரெண்டு தரம் அமத்தினீங்கள்."

கோயில் பாடகர் குழுத் தலைவி ஜெயனியின் தாய், றெனால்டின் மாமி றோசம்மா. அவவுக்கு வாசிக்காமல் தப்பத்தான் அவன் இத்தனை காலமும் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் ஒளிந்திருந்து பூசை கண்டவன்.

"அது கோட் அப்பா! நான் ஓம் எண்டு சொல்லேல்லை!"

"அப்ப, கேக்கிறனெண்டு சொன்னது பொய்யோ?"

மாதாவுக்கு வைத்த நேர்த்தியை மாற்ற மன்னாரில் எவனுக்குத் துணிவு வரும்? கடைசியில் றெனால்ட் மனதைத் தேற்றிக்கொண்டான்.

"சரி. மாமி மூச்சு விடுற இடத்தில மட்டும் ஒரு கோட் வைப்பன். அவ்வளவுதானே?"

"அம்மா பாடேக்க மூச்சு விடுறேல்லையப்பா," என்றாள் ஜெயனி.