அலமாரியைக் கட்டிப்பிடித்தவன்

உயிர் உள்ளவரை மின்னூல் கருவி வாங்குவதில்லை என்று சபதம் எடுத்தவன் நான். அந்தச் சபதத்தைக் காப்பாற்றத்தான் ஒரு வருஷமாக ஞாயிறு தவறாமல் மின்னூல் கருவி பார்க்கக் கடைக்குப் போனேன். உங்களுக்குத் தலை சுற்றலாம். என் மனைவி தொமோகோவுக்குச் சுற்றவில்லை.

போன வருஷம் நிலம் ஆடியது. ஜப்பானில், எங்கள் கவாகுச்சி ஊரில் அது புதிதல்ல. ஆடத் தொடங்கியதும் நான் பாய்ந்துபோய்ப் புத்தக அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மேல்தட்டுத் தொகுதி ஒன்று நழுவித் தொமோகோவின் தோளில் விழுந்தது.

"ஐயையோ, ஓரம் நசுங்கிப்போச்சே!" என்றேன். புத்தகத்தைச் சொன்னேன்.

அன்று அவள் வைத்த மிசோ சூப்பில் மிசோ விழுது இல்லை, வெந்நீர் மட்டும்தான் இருந்தது.

"ஏங்க, இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தப் புத்தகம் இருக்கணும்."

"அவசரப்படாத, தொமோகோ."

"மின்னூல் கருவி ஒண்ணு வாங்குங்க. எல்லாம் அதுக்குள்ள போகட்டும்."

"வாங்குறேன். எதை வாங்குறதுன்னு பாக்க வேணாமா?"

இதுதான் என் ராஜதந்திரம். நான் முடிவு செய்யாதவரை புத்தகங்களுக்கு ஆயுசு கெட்டி. அத்தனையும் அட்டைப் பெட்டிக்குள் வந்த பெரிய தொகுதிகள். பெட்டியின் மூடிய பக்கம் வெளியே தெரியும்படி, பொன்னெழுத்துத் தலைப்புகள் மின்ன, வரிசையாக நிற்கும். விருந்தாளிகள் வாயைப் பிளப்பார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் விசாரணை நடக்கும்.

"என்ன முடிவு பண்ணீங்க?"

"சின்னது கைக்கு அடக்கம். எழுத்துதான் எறும்பு மாதிரி இருக்கு."

"அப்ப பெரிசு?"

"கை வலிக்கும்."

"தோள்ல விழாது இல்ல?"

"உள்ளூர்க் கம்பெனிது நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கே அவன் கடையை மூடிட்டா?"

"அதுவும் சரிதான். நல்லா யோசிங்க. அடுத்த வாரமும் போயிட்டு வாங்க."

வழியில் சாப்பிடச் சோற்று உருண்டைகூடக் கட்டிக்கொடுத்தாள். அத்தனை வருஷக் குடித்தனத்தில் இல்லாத கரிசனம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முட்டாளுக்கு வயிறு நிறைந்தால் மூளை வேலை செய்யாது.

போன ஞாயிறு கடையிலிருந்து வந்து நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். நிலநடுக்க எச்சரிக்கை வந்து இரண்டு கைபேசிகளும் ஒன்றாக அலறின. நிலம் ஆடியது. இந்த முறை புத்தியோடு தொமோகோவிடம்தான் ஓடினேன். அவளோ மேஜைக்கு அடியில் பாதுகாப்பாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு இடம் விடவில்லை. மேல்தட்டு முழுவதும் என் தலையில் சரிந்தது.

"வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்லையே..."

"போன வருஷம் எனக்கு வலிச்சுது."

ஒரு பெட்டியை எடுத்தேன். காலி. அடுத்ததும் காலி. அலமாரி முழுக்கப் பொன்னெழுத்துப் போட்ட காற்று.

"நீங்க ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறப்பல்லாம் நாலஞ்சா, புத்தகத்தை மின்னூலாக்கித் தர்ற கம்பெனிக்கு அனுப்பிட்டேன். அவங்க புத்தகத்தோட முதுகை வெட்டி, ஒவ்வொரு பக்கமா படம் பிடிச்சுட்டு, காகிதத்தைக் கழிச்சுக் கட்டிருவாங்க." மேஜைக்கு அடியிலிருந்தே ஒரு மின்னூல் கருவியை நீட்டினாள். "எல்லாம் இதுல இருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே!"

"ஒரு வருஷத்துல ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துப் படிச்சிருந்தா, உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே."

படிப்பது போலவாவது காட்டிக்கொள்ளலாம் என்று கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கியவன், அதை எங்கே அமுக்கித் திறப்பது என்று அவளிடம்தான் கேட்டேன்.