கண்ணாடி நிறைய நுரை

"நுரையே வரலைண்ணே!"

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே வீடு, ஒரே புகார், இதோடு ஐந்தாவது முறை. "இன்னைக்கு அந்த மேடம்கிட்ட சர்வீஸ் படிவத்துல திருப்தின்னு கையெழுத்து வாங்காம வந்தே, ஐடி கார்டை டேபிள்ல வெச்சிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடு" என்று சூப்பர்வைசர் காலையிலேயே கத்தியிருந்தார்.

"மேடம், இது புது மாடல். நுரை கம்மியாத்தான் வரும். துணி வெளுத்துச்சா, இல்லையா?"

"வெளுத்துச்சு."

"காலரு?"

"பளிச்சுனு இருக்கு."

"அப்புறம் என்ன?"

"நுரை வரலையே!"

பல்லைக் கடித்துக்கொண்டார். நுரைக்கும் அழுக்குக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று எத்தனை வீட்டில்தான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவது? சோப்பு விளம்பரம் எடுக்கிறவன் எவனாவது கையில் கிடைத்தால் டிரம்முக்குள் போட்டுச் சுற்றவிடலாம் போலிருந்தது.

மெஷின் பவுடரை ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டு ஓடவிட்டார். கதவின் வட்டக் கண்ணாடியில், அடியோரமாக, ஒரு விரல் அளவுக்கு நுரை எட்டிப் பார்த்தது.

அந்தப் பெண் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "பத்தாதுண்ணே."

"எவ்வளவுதான் வேணும் உங்களுக்கு?"

"கண்ணாடி நிறைய."

கோபம் தலைக்கேறிவிட்டது. மூலையில், பக்கெட்டில் துணி ஊறவைக்கும் பவுடர் பாக்கெட் இருந்தது. அதை மெஷினில் மட்டும் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர், அரைப் பாக்கெட்டை அப்படியே கவிழ்த்தார். "இந்தாங்க! கண்ணாரப் பாருங்க!"

வந்தது. கண்ணாடி நிறைந்து, பவுடர் போடும் தட்டு வழியாகப் பொங்கி, தரையில் இறங்கியது. பதறிப்போய் மெஷினை நிறுத்தினார். தண்ணீரை வெளியேற்றும் பம்பு நுரையை இழுக்க மாட்டாமல் முக்கியது. அலசினால் அடங்கும் என்று அலசும் பட்டனைத் தட்டினார். புதுத் தண்ணீர் பட்டதும் இரண்டு பங்காகப் பொங்கியது. தட்டை வெளியே இழுத்துப் பார்த்தார். அது அதைவிடப் பெரிய தப்பு. வாளியோடு ஓடினவர் வழுக்கி உட்கார்ந்தார். நுரை அவரைத் தாண்டி ஹாலுக்குக் கிளம்பியது.

வேலை போயிற்று. வீட்டில் போய் என்னவென்று சொல்வது?

"இப்ப திருப்தியா மேடம்? போங்க, போய் ஆறாவது கம்ப்ளெயின்ட்டையும் குடுங்க!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்.

அவளோ அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்து, 'முழுத் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஏங்க, வந்துடுச்சு! ஓடி வாங்க!"

உள்ளறையிலிருந்து அவள் கணவர், இடுப்பில் குழந்தையும் கையில் பருப்புச் சாதக் கிண்ணமுமாக, முழங்கால் அளவு நுரையில் பாய்ந்து வந்து மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்பாடா! கண்ணாடிக்குள்ள நுரை சுத்தினாத்தான் இவன் வாயையே திறப்பான்ணே. இவன் ராத்திரி சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?"