பொக்லைன் பம்புக்குப் பசித்த கதை

ஒரு காட்டில், புலியும் மானும் ஒரே ரேஷன் கடை வரிசையில் நிற்கப் பழகிவிட்ட காலத்தில், ஏரிக்கரை உடைந்தது.

உடைப்புக்கு நேர் கீழே, பள்ளத்தில், முயல்களின் குடியிருப்பு. அடுத்த மழைக்குள் உடைப்பை அடைக்காவிட்டால் அத்தனை வளைகளிலும் தண்ணீர் புகுந்துவிடும். ஆகவே பஞ்சாயத்துத் தலைவியான யானை தெய்வானை மனுப் போட்டு, நினைவூட்டல் போட்டு, மறுபடி மனுப் போட்டு, ஒரு பொக்லைன் எந்திரத்தை வரவழைத்தது. அதை ஓட்டுவதற்குக் கரடி மாசாணம் வந்தது.

மூன்றாம் நாள் காலை, பாதி உடைப்பு அடைபட்டிருந்த நேரத்தில், பொக்லைனின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. என்ஜின் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. கைதான் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. யாருக்கோ டாட்டா காட்டுகிற மாதிரி, மண்ணோடு அப்படியே நின்றது. கேபினில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னாச்சு மாசாணம்?" என்று யானை கேட்டது.

"எண்ணெயை அமுக்கித் தள்ளுற பம்புதான் தலைவரம்மா இந்தக் கைக்குப் பலமே. அது தள்ள மாட்டேங்குது."

"தட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் போட்டியா?"

"நாலு தடவை."

அதற்கு மேல் அந்தக் காட்டில் யாருக்கும் வைத்தியம் தெரியாது. கம்பெனிக்குப் போன் போட்டார்கள்.

மதியத்துக்குள் சர்வீஸ் என்ஜினியர் நரி வரதன் வந்து இறங்கியது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப். ஒரு ஒயரை எடுத்து வண்டியில் செருகிவிட்டு மர நிழலில் உட்கார்ந்தது. லேப்டாப் ஒரு மணி நேரம் யோசித்தது.

"பம்ப் போச்சு," என்றது நரி.

"பம்பைப் பாக்கவே இல்லையே சார்?" என்றது கரடி.

"லேப்டாப் பாத்துடுச்சு. புதுப் பம்ப் வெளிநாட்டிலிருந்து வரணும். நாப்பது நாள் ஆகும். படிவம் பதினேழு, மூணு பிரதி. தலைவரம்மா, கைநாட்டு."

யானை ஒரே மிதியில் மூன்று பிரதிகளிலும் கைநாட்டு வைத்தது. அதற்கு உள்ளூரச் சந்தோஷம்தான். நம் காட்டுக்கு வெளிநாட்டுப் பம்ப்! அங்கேயே, அப்போதே, பம்ப் வரவேற்புக் குழு ஒன்றை அறிவித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டாமல் நின்றது முயல் ராக்காயி ஒன்றுதான். அது ஈன்று ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏழு குட்டிகள், ஒன்றும் இன்னும் கண் திறக்கவில்லை. அது மேற்கே பார்த்தது. வானம் கருத்துக்கொண்டிருந்தது.

"பம்ப் நாப்பது நாள்ல வரும். மழை நாளைக்கே வந்துடுமே சார்?"

"மழையைத் தள்ளிப்போடச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு மனு கொடுத்துப் பாருங்க," என்றது நரி, கொஞ்சமும் கேலியில்லாமல்.

ராக்காயி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. ஒரே ஓட்டமாக நெடுஞ்சாலைக்கு ஓடியது. அங்கே லாரிகளுக்கு ஒயரிங் வேலை செய்யும் கடை வைத்திருந்தது கீரி பவுனு. விஷயத்தைக் கேட்டதும் மீட்டரையும் டேப் சுருளையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது.

"இந்தாம்மா, எதையும் திறக்கக் கூடாது. வாரண்டி போயிடும்," என்று நரி குறுக்கே நின்றது.

"திறக்கல சார். வெளியிலயே பாத்துக்கறேன்," என்ற பவுனு, கரடியிடம் திரும்பி, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டது. "கை நின்னப்போ நீங்க என்ன அண்ணே பண்ணிட்டிருந்தீங்க?"

கரடி தரையைப் பார்த்தது. "சும்மா... பாட்டுக் கேட்டுட்டிருந்தேன்."

பம்பின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு வால்வு இருந்தது. கரண்ட் வந்தால்தான் அது பம்பைத் தள்ளச் சொல்லும். பவுனு அதன் சாக்கெட்டைக் கழற்றி மீட்டரை வைத்தது. வால்வு நன்றாக இருந்தது. அடுத்து அந்த வால்வுக்கு வரும் ஒயரில் வைத்தது. பிறகு பேட்டரிக்குப் போய் அங்கேயும் வைத்தது.

"பேட்டரியில இருபத்தி நாலு வோல்ட் கிளம்புது. பம்புகிட்ட ஒம்பதுதான் வந்து சேருது. நடுவுல யாரோ சாப்பிடுறாங்க. பம்புக்கு நோவு இல்ல, பசி."

அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போன பவுனு கேபினுக்குள் ஏறி சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தது. அங்கே பூசணிக்காய் அளவில் இரண்டு ஸ்பீக்கர்கள். அவற்றுக்காக யாரோ பம்பின் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். முறுக்கின இடம் கருகிப் போயிருந்தது.

கரடி குனிந்து கிசுகிசுத்தது. "தங்கச்சி, தலைவரம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வண்டியை விட்டே எறக்கிடுவாங்க."

"இந்த வயசுல உங்களுக்கு இவ்வளவு சத்தம் எதுக்கு அண்ணே?" என்று அதுவும் கிசுகிசுத்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயரை வெட்டி எறிந்தது. கருகின இடத்தை நறுக்கி, நாலு அங்குல ஒயர் வைத்துப் புதிதாக இணைத்தது. வெளியே வந்து, "ஒரு ஜாயின்ட் கருகியிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்," என்று மட்டும் சொன்னது.

கரடி நெம்புகோலை இழுத்தது. கை ஜம்மென்று மேலே போனது. மொத்தம் ஐந்து நிமிஷ வேலை.

முயல்கள் குதித்தன. ஆனால் யானையின் முகம் வாடிவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"இத்தாம் பெரிய வண்டிக்கு இத்தனூண்டு கோளாறா? நான் குழுவே போட்டுட்டேனே!"

நரிக்கு வேறு கவலை. "படிவத்துல 'மாற்றப்பட்ட பாகம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல பம்ப்னு வந்தாத்தான் புகார் முடியும். புகார் முடியாத வண்டி பழுதான வண்டி. பழுதான வண்டி வேலை செய்யக் கூடாது."

"அதான் ஓடுதே சார்!"

"இங்க ஓடுது. லேப்டாப்ல ஓடல."

முதல் தூறல் ராக்காயியின் காதில் விழுந்தது. "சார், என் பிள்ளைங்க இன்னும் கண்ணே திறக்கல சார்," என்றது. நரி தலையைக் குனிந்துகொண்டது. அதற்கும் வீட்டில் ஐந்து குட்டிகள் இருந்தன. ஆனாலும் படிவம் படிவம்தானே.

பவுனு அந்தப் படிவத்தை வாங்கிப் படித்தது. கடைசி வரி வரைக்கும் படித்தது. நரிகூட அதுவரை அப்படிப் படித்ததில்லை.

"சார், 'பழுதான எந்திரத்தைச் சோதனைக்காக மட்டும் இயக்கலாம்'னு போட்டிருக்கே. எத்தனை சோதனை?"

நரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தது. "எண்ணிக்கை போடல."

"சோதனை மண்ணை எங்க கொட்டணும்?"

"அதுவும் போடல." நரியின் மீசை மெல்ல மேலே ஏறியது. குடையை விரித்தது, பேனாவைத் திறந்தது. "மாசாணம், சோதனை ஒண்ணு. அள்ளு!"

பொழுது சாய்வதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் நடந்தன. உடைப்பு முழுக்க அடைபட்டது. நரி ஒவ்வொன்றையும் ஒழுங்காகப் பதிவு செய்தது. நானூற்றுப் பன்னிரண்டுக்கும் ஒரே முடிவுதான்: 'பம்ப் இயங்கவில்லை.'

மழை மூன்று நாள் கொட்டியது. ஏரி ததும்பியது. வளைகளுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. நாலாம் நாள் வெயில் வந்தபோது ராக்காயியின் குட்டிகள் ஏழும் கண்ணைத் திறந்து ஒன்றையொன்று ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டன.

நாற்பதாம் நாள் வெளிநாட்டுப் பம்ப் வந்தது. மேளம், மாலை, வரவேற்புக் குழு. பெட்டியைத் திறந்து பார்த்த பவுனு நரியைத் தனியாகக் கூப்பிட்டது.

"சார், இது வேற வண்டிப் பம்ப். இதுல சேராது."

"சேரணும்னு யாரும்மா சொன்னா? வந்து சேரணும், அவ்வளவுதான்," என்ற நரி, கட்டத்தில் 'பம்ப்' என்று தட்டியது. லேப்டாப்பில் பச்சை விளக்கு எரிந்தது: 'எந்திரம் இயங்குகிறது.'

காடே எழுந்து நின்று கைதட்டியது. யானை ஆனந்தக் கண்ணீரைத் தும்பிக்கையால் துடைத்துக்கொண்டது. நரிக்குப் பதவி உயர்வு வந்தது. பம்பை ஆலமரத்தடியில் மேடை கட்டி, மழை படாமல் கூரை போட்டு வைத்தார்கள். பவுனுவுக்குத் திறப்பு விழா ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும் கௌரவம் கிடைத்தது. கடையில் லாரி காத்திருந்ததால், அது முனையை ராக்காயியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியது.

நீதி: நின்ற வண்டியை ஓட வைக்க நாலு அங்குல ஒயர் போதும், ஓடுகிற வண்டி ஓடுகிறது என்று ஒப்புக்கொள்ள வைக்கத்தான் வெளிநாட்டிலிருந்து பம்ப் வரவேண்டும்.