சமிக்கி ஒட்டின கல்யாண சி.டி.

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. இருபத்திநாலு சி.டி. மேல லேபிள் ஒட்டணும். அம்புட்டுத்தான்.

என் வீட்டுக்காரரோட அக்கா, மகேஸ்வரி மதினி, அலங்காநல்லூர்ல இருக்காங்க. அவங்க மகளுக்கு எழுமலைல மாப்பிள்ளை பாத்து, கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் ஆகியிருந்தது. ஞாயித்துக்கிழமை சம்மந்தி வீட்டுக்காரங்களுக்குக் கறி விருந்து. அன்னைக்கே வீடியோ சி.டி.யும் கையில குடுத்து அனுப்பணும்னு மதினிக்கு ஆசை. கல்யாணப் படம் ரெண்டு சி.டி. மொத சி.டி.ல பொண்ணழைப்பு, ரெண்டாவதுல தாலி கட்டு. பன்னெண்டு வீட்டுக்கு இருபத்திநாலு.

வீடியோக்காரர் எல்லாத்தையும் மொட்டையா குடுத்துட்டார். பேரு, படம் எல்லாம் போட்டுத் தர இன்னும் பத்து நாள் ஆகும்னுட்டாராம். மதினி கவலையே படல. "எங்க கவிதா இருக்கா. கம்ப்யூட்டர் படிச்சவ"ன்னு சொல்லி, மொத சி.டி. ஒரு கட்டு, ரெண்டாவது ஒரு கட்டுன்னு அம்புட்டையும் ஒரு பையில போட்டு அவனியாபுரத்துக்கு, எங்க வீட்டுக்கே அனுப்பிட்டாங்க.

நான் படிச்சது ஆறு மாசக் கோர்ஸ். அதுல நாலு மாசம் கரண்ட் இல்ல. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

ஒழுங்கா மார்க்கர் பேனாவால "ஒன்னு", "ரெண்டு"ன்னு எழுதியிருந்தா கால் மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். ஆனா பேரு வாங்கணுமே. டவுன்ஹால் ரோடு வரைக்கும் போயி, வட்ட வட்டமா வெட்டி வச்ச ஸ்டிக்கர் தாள் வாங்கிட்டு வந்தேன். மேல போட்டோ பிரிண்ட் எடுத்து, உரிச்சு, சி.டி. மேல ஒட்ட வேண்டியதுதான்னு கடைக்காரர் சொன்னார். எம்புட்டு லேசாச் சொன்னாரு மனுசன்.

நல்ல போட்டோவா ஒன்னு எடுத்தேன். நடுவுல மாப்பிள்ளை, ஒரு பக்கம் பொண்ணு, இன்னொரு பக்கம் மதினி. பிரிண்ட் வந்துச்சு. உரிச்சேன். உரிச்சதும்தான் தெரிஞ்சது, சி.டி.க்கு நடுவுல ஓட்டை இருக்கும்னு.

மாப்பிள்ளைக்குச் சட்டை இருக்கு, மாலை இருக்கு, தலைப்பாகை கூட இருக்கு. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல ஓட்டை.

என் வீட்டுக்காரர் அதைக் கையில வாங்கி, ஓட்டை வழியா என்னைப் பாத்தார். "இப்பிடியே குடுத்துருவோம். அவரவருக்குப் பிடிச்ச மூஞ்சிய வச்சுப் பாத்துக்கிரட்டும்"னார். நான் போட்டோவைக் கொஞ்சம் மேல ஏத்தி மறுபடி பிரிண்ட் எடுத்தேன். இப்ப ஓட்டை வயித்துக்கு வந்துருச்சு. மூஞ்சிக்கு வயிறு தேவலைன்னு விட்டுட்டேன்.

மொத ஸ்டிக்கரை ஒட்டினேன். கோணல். பிறைநிலா மாதிரி ஒரு ஓரம் வெளிய நிக்குது. சரி, உரிச்சுட்டுத் திரும்ப ஒட்டுவோம்னு நகத்தால நெம்பி இழுத்தேன். ஸ்டிக்கர் வந்துச்சு. கூடவே சி.டி.யோட வெள்ளித்தகடும் தோலு மாதிரி உரிஞ்சு வந்துச்சு. கையில மிச்சம் இருந்தது கண்ணாடி வட்டம்.

பொண்ணழைப்பு ஒன்னு போச்சு. அது நம்ம வீட்டுப் பங்குன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நமக்குத் தாலி கட்டு மட்டும் போதும்.

அதுக்கப்புறம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒட்டினேன். மொத சி.டி. எல்லாம் பாயில இடது பக்கம், ரெண்டாவது எல்லாம் வலது பக்கம். நம்பரைக் கடைசியில எழுதிக்கலாம்னு இருந்தேன். ஒட்டி முடிச்சுப் பாத்தா, அங்கங்க ஸ்டிக்கர் ஓரம் கொஞ்சம் பிசிறா இருந்தது. மறைக்க என்ன செய்யலாம்னு யோசிச்சப்ப, ஜாக்கெட்டுக்குத் தைக்க வாங்கி வச்சிருந்த சமிக்கி டப்பா கண்ணுல பட்டுச்சு.

ஓரத்துல பசை தடவி, சுத்திச் சுத்திச் சமிக்கி ஒட்டினேன். நெசமாவே சொல்றேன், அம்புட்டு அழகு. பொண்ணு போட்டிருந்த நகையை விட அது மின்னுச்சு.

"இது பிளேயர் உள்ள சுத்தும்ல?"னு கேட்டார் என் வீட்டுக்காரர்.

"சுத்துனா இன்னும் மின்னும்"னேன்.

காயட்டும்னு பாயிலயே விட்டுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாக்குறேன், பாயில ஒன்னு கூட இல்ல. எல்லாத்தையும் ஒரே அடுக்கா, அழகா, டப்பாவுக்குள்ள அடுக்கி வச்சிருக்கார். கல்யாணம் ஆகி ஆறு வருசத்துல அவரா எடுத்துச் செஞ்ச மொத வீட்டு வேலை. என் மூஞ்சியில சந்தோசத்தைத் தேடிக்கிட்டு நிக்கிறார்.

எது ஒன்னு, எது ரெண்டு? எல்லாத்துலயும் ஒரே போட்டோ, ஒரே ஓட்டை, ஒரே சமிக்கி.

ஒவ்வொன்னாப் போட்டுப் பாத்துக்கலாம்னு ஒன்னைக் கம்ப்யூட்டர்ல சொருகினேன். அரிசியோட கல்லு விழுந்த கிரைண்டர் மாதிரி ஒரு சத்தம். பயந்து போயி பட்டனை அமுக்கினேன். சி.டி. வெளிய வந்துச்சு, கூடவே நாலு சமிக்கியும். எங்க கம்ப்யூட்டர் பழசு, அதான் கத்துது, டி.வி.க்குக் கீழ வைக்கிற பிளேயர் பெருசு, அது தாங்கும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மறுபடி சொருகத்தான் தைரியம் வரல.

விருந்துக்குக் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. சி.டி.யைத் திருப்பி வச்சு, வெளிச்சத்துல சாச்சுப் பாத்தேன். படம் ஏறின இடம் கொஞ்சம் நிறம் மாறித் தெரியும்னு கோர்ஸ்ல சொன்ன ஞாபகம். சிலது கருநீலமா இருந்தது, சிலது பச்சையா இருந்தது. கருநீலத்துக்கு ஒன்னுன்னும் பச்சைக்கு ரெண்டுன்னும் மார்க்கர்ல எழுதிட்டேன். இதுக்கு மேல யாரும் விளக்கம் கேக்காதீங்க.

அலங்காநல்லூர்ல மதினி டப்பாவைத் திறந்து பாத்து அப்பிடியே நின்னுட்டாங்க. வந்தவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. கடையில கூட இப்பிடிக் கிடைக்காதுன்னு ஒரு அம்மா சொன்னாங்க. எனக்கு உச்சி குளுந்துருச்சு. சாப்பிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கணும்னு அவசரப்பட்டவங்களுக்கு எல்லாம் தாம்பூலத்தோட சி.டி.யையும் கையில குடுத்து அனுப்பிட்டாங்க. ஒம்போது வீட்டுக்குப் போயிருச்சு.

அப்பத்தான் மாப்பிள்ளையோட அப்பா, கொஞ்ச நேரம் போட்டுப் பாப்பமேன்னார். அதிகம் பேசாத மனுசர். எல்லாரும் டி.வி. முன்னால உக்காந்தாங்க.

மொத சி.டி. உள்ள போச்சு. பிளேயர் பெருசுன்னு நினைச்சேன்ல? பெருசாத்தான் கத்துச்சு. டி.வி.ல மதினி சமையக்காரரைத் திட்டுற இடத்துல, வாய் திறந்தபடியே படம் நின்னுருச்சு. மதினி டி.வி.யைப் பாத்தாங்க. அப்புறம் என்னையப் பாத்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மூஞ்சி.

மாப்பிள்ளை எந்திரிச்சுப் போயி, தட்டை வெளிய இழுத்து, பிளேயரைக் கவுத்தித் தட்டினார். தரையெல்லாம் சமிக்கி. அவரே உக்காந்து சி.டி.ல மிச்சம் இருந்ததை நகத்தால சொரண்டி எடுத்தார். சொரண்டுறப்பத்தான் தன் வயித்துல இருந்த ஓட்டையைப் பாத்தார். நல்ல பையன், ஒன்னும் கேக்கல.

மறுபடி போட்டாங்க. ஓடுச்சு. பொண்ணழைப்பு முழுசும் பாத்தாங்க. எனக்குப் போன உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இனி தாலி கட்டைப் போடுங்கன்னார் மாப்பிள்ளையோட அப்பா. ரெண்டாவது சி.டி.யைச் சொரண்டி, துடைச்சு, போட்டாங்க. மேளச் சத்தத்தோட ஆரம்பிச்சது. அதே பொண்ணழைப்பு. அதே கார். அதே இடத்துல அதே சித்தப்பா தடுக்கி விழுறார்.

மாப்பிள்ளையோட அப்பா கொஞ்ச நேரம் பாத்துட்டு, மெதுவா என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அப்ப இன்னும் தாலி கட்டலயா?"

மொதல்ல சிரிச்சது கல்யாணப் பொண்ணுதான். அப்புறம் கூடமே சிரிச்சது. மதினி மட்டும் சிரிக்காம இருக்க ரொம்பப் பாடுபட்டாங்க, முடியல. அந்தச் சிரிப்பைப் பாத்த பெறகுதான் நான் உக்காந்தேன். அது வரைக்கும் செருப்பு கிடக்குற பக்கமாத்தான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

அடுத்த ஒரு மாசம் மதினி வீட்டு போன் ஓயவே இல்ல. உசிலம்பட்டியில ஒரு வீட்டுக்கு ரெண்டுமே தாலி கட்டு. திருமங்கலத்துல ஒரு வீட்டுக்கு ரெண்டுமே பொண்ணழைப்பு. யாரு வீட்டுல எது இருக்குன்னு மதினி ஒரு நோட்டுல எழுதி வச்சு, நீங்க அவங்க வீட்டுக்குப் போங்க, அவங்க உங்க வீட்டுக்கு வரட்டும்னு எல்லாருக்கும் வழி சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கல்யாணத்துல ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சி குடுத்துப் பேசாத ரெண்டு வீட்டுக்காரங்க, சி.டி. மாத்தப் போயி, சாப்பிட்டு, அடுத்த வாரமும் வாரோம்னு சொல்லிட்டு வந்தாங்களாம். அந்தப் புண்ணியம் எனக்குத்தான்னு சொல்லிப் பாத்தேன். யாரும் ஒத்துக்கிரல.

அதுல இருந்து எங்க சொந்தத்துல எந்த விசேசம் வந்தாலும், "நீ ஒன்னும் செய்ய வேணாம்த்தா, வந்து சாப்பிட்டுட்டு மட்டும் போ"ன்னு கையைப் பிடிச்சுச் சொல்றாங்க.

வாழ்க்கையில நிம்மதியா பந்தியில உக்காரணும்னா, ஒரே ஒரு வாட்டி மனசார வேலை செஞ்சு காட்டிட்டாப் போதும்.