பொய் கேஸுக்கு மட்டும் ஹெலிகாப்டர்

உலகத்திலேயே வேகமானது ஒளி என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் ஜவ்வாது மலைப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால், 'பேரிடர்' என்றதும் நமது ராணுவம் கிளம்பும் வேகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டிருப்பார்கள்.

நெல்லிவாசல்நாட்டுச் சின்னதம்பிக்கு இந்தப் பெருமையை நேரில் காணும் பாக்கியம் கிடைத்தது. அன்று காலை அவன் மனைவி அருணாவுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். "ரோடு இருக்கற எடம் வரைக்கும் தூக்கினு வந்துடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்று மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு பதில் வந்தது. ரோடோ போன மழையிலேயே அடிவாரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. வேறு வழி? மூங்கில் கம்பில் போர்வையைக் கட்டி, அதில் அருணாவைப் படுக்கவைத்து, சின்னதம்பியும் பங்காளி குப்பனும் தோள் கொடுத்தார்கள். அருணாவின் அம்மா குப்பம்மா பின்னாலேயே ஓடிவந்தாள்.

பாதி வழியில், அறுத்து முடித்த சாமைக் கொல்லையில், ஒரு ஹெலிகாப்டர் நின்றிருந்தது!

பக்கத்தில் ஷாமியானா. 'நிலச்சரிவு மீட்பு மாபெரும் ஒத்திகை' என்று பேனர். நிலச்சரிவில் 'படுகாயமடைந்த' ஐந்து பேர், குங்குமத் தண்ணீர் ரத்தம் வழிய உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசிலோடு மேற்பார்வை செய்துகொண்டிருந்தார் அதிகாரி பார்த்திபன்.

"சார், எம் பொண்டாட்டிக்கு வலி எடுத்துக்கிச்சி. கீழ எறக்கி உட்டுட்டீங்கன்னா போதும் சார்."

"யோவ், ஒத்திகை நடக்குது, தெரியல? நெஜமான கேஸெல்லாம் இதுல சேக்கக் கூடாது. குழப்பம் ஆய்டும்."

"அப்ப இன்னா கேஸ் சார் சேப்பீங்க?"

"பொய் கேஸ் மட்டும்தான்."

அருணாவின் நகம் சின்னதம்பியின் மணிக்கட்டில் இறங்கியிருந்தது. குப்பம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. பக்கத்துக் கிண்ணத்திலிருந்த ரத்தத்தைக் கை நிறைய அள்ளி மகள் நெற்றியில் பூசினாள்.

"எம் பொண்ணும் நடிக்கத்தான் சார் வந்துகீது!"

"ஆள் ரொம்பிடுச்சேம்மா."

'கால் முறிந்த' சக்கரவர்த்தி சாதத் தட்டோடு எழுந்து நின்றார். "எங்கால் சரியாப் பூடுச்சி சார். அந்தப் பொண்ண ஏத்துங்க."

பார்த்திபன் அருணாவை உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் ஓவர் ஆக்டிங்கா இருக்கே. சரி சரி. கதறும் உறவினர் ஒருத்தர் வேணும். நீ கதறுவியா?"

சின்னதம்பி அந்த வேலையை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தான்.

விசில் ஒலித்தது. ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்த ராணுவ வீரருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒத்திகைக்கும் உண்மைக்கும் உள்ள நுட்பமான வேறுபாடும் தெரியவில்லை. அருணாவின் முகத்தைப் பார்த்தார். "சலோ, சலோ!" என்று கத்தினார். சின்னதம்பி கண்ணைத் துடைத்துத் திறப்பதற்குள் மலை காலுக்குக் கீழே போயிருந்தது. அடிவாரத்து மைதானக் கூடாரத்தில், பொய்க் காயத்துக்குக் கட்டுப் போடக் காத்திருந்த நிஜ டாக்டர்கள் இருந்தார்கள். போன வேகத்தில் பெண் குழந்தை பிறந்தது.

அடுத்த நடையில் அதிகாரிகளும் குப்பம்மாவும் பறந்து வந்து சேர, பாராட்டு விழா தொடங்கியது. 'தத்ரூப நடிப்பு' விருதை வாங்கிக்கொள்ள அருணாவால் எழுந்து வர முடியவில்லை. அவளுக்குப் பதிலாகப் பொன்னாடையைக் குப்பம்மா வாங்கிக் குழந்தைக்குச் சுற்றினாள். துணி ஒன்றாவது உபயோகப்பட்டது.

பார்த்திபன் மைக்கைச் சின்னதம்பியிடம் நீட்டினார். "பொதுமக்கள் சார்பா நீ சொல்லுப்பா. நம்ம வேகத்துல ஏதாவது குறை இருக்கா?"

சின்னதம்பி கை கூப்பினான்.

"கொற ஒண்ணும் இல்லீங்க சார். சாமி மாதிரி வந்தீங்க. ஒரே ஒரு சந்தேகம். அடுத்த மழையில மலை நெஜமாவே சரிஞ்சி எங்க வூடெல்லாம் மண்ணுல பொதஞ்சிச்சின்னா, நாங்க ஒத்திகைன்னே சொல்லிக் கூப்புடறோம். வந்துடுவீங்க இல்ல?"