சிவப்பு முனை

"சுவர் கழுவ இந்தச் சின்ன மெஷினே போதும் சார்" என்று கடைக்காரர் சொன்னதும் ஆய்வாளருக்கு உறுத்தியது. பெரியதை விற்றால்தான் லாபம். அப்படியிருக்க, சின்னதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

எரிந்த கடைக்கும் கவிழ்ந்த லாரிக்கும் காப்பீட்டுப் பணம் கேட்டு வருபவர்களிடம் பொய்யைத் தோண்டி எடுப்பதுதான் அவர் வேலை. விடுமுறை நாளிலும் அந்தப் பழக்கம் அவரை விடாது.

"வீட்டு முன்சுவர்ல பாசிதானே சார்? மோட்டார் பம்பை ஓட்டும், பம்பு தண்ணியை நெருக்கும், முனையில இருக்கிற சின்ன ஓட்டை வழியா அது சீறிக்கிட்டு வரும். பெயிண்ட் சுவருக்கு அழுத்தம் கம்மியா இருக்கணும். விசிறி மாதிரி விரியுற இந்த வெள்ளை முனையை மாட்டி, தள்ளி நின்னு அடிங்க. பெரிய மெஷின் கான்கிரீட் தரைக்குத்தான்."

"இந்தச் சிவப்பு முனை?"

"அது ஒரே கோடா அறுக்கும். தொடாதீங்க."

ஆய்வாளர் பெரிய மெஷினை வாங்கினார்.

வீட்டில் மனைவி அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "பாசி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், சுவர்ல கை வைக்காதீங்கன்னு சொன்னேனே."

ஏன் வேண்டாம் என்கிறாள்? யோசித்தபடியே சிவப்பு முனையை மாட்டினார்.

விசையை அழுத்தினார். பாசி போனது. பாசியோடு பெயிண்டும் போய், ஒரு முழ நீளத்துக்குச் சிமெண்டு பல்லைக் காட்டியது.

சுவரின் அந்தக் கிளிப்பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். "கண்ணு கூசுது, மாத்துங்க" என்று மனைவி கேட்டபோதெல்லாம், "பெயிண்ட் கெட்டியா இருக்கு" என்று வாயை அடைத்துவிடுவார். அந்தக் கெட்டிப் பெயிண்ட் இப்போது அப்பளத் துண்டுகளாகக் காலடியில் கிடந்தது.

கோடு தெரியாமல் இருக்க, பக்கத்திலேயே இன்னொரு கோடு இழுத்தார். இரண்டும் சேர்ந்து தண்டவாளம் மாதிரி தெரிந்தன. கடைசியில் வெள்ளை முனைக்கு மாறி, ஆத்திரத்தில் சுவரை ஒட்டி நின்று அடித்தார். பச்சை பாளம் பாளமாக உரிந்தது.

மனைவி வாசலுக்கு வந்தாள். "போதுங்க. பாதியோட விட்டுடுங்க, யாரும் கவனிக்க மாட்டாங்க."

"கவனிக்க மாட்டாங்களா? தெருவே சிரிக்கும். உள்ள போ."

அவர் எந்தக் காரியத்தையும் பாதியில் விட்டவர் அல்ல. வெயில் சாய்வதற்குள் சுவரில் மருந்துக்குக்கூடப் பச்சை இல்லை. சட்டை நனைந்து, மீசையில் பெயிண்ட் துகள் ஒட்டி, படியில் உட்கார்ந்தார்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான். அவன் முழியே சரியில்லன்னு அப்பவே நினைச்சேன்."

மனைவி துண்டை நீட்டினாள். "போகுது விடுங்க. இனிமே வேற பெயிண்ட் அடிச்சுத்தானே ஆகணும்?"

"வேற வழி?" என்றார் ஈனக்குரலில். "உனக்குப் பிடிச்ச கலரையே அடிச்சுக்கோ."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள், வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. தோளில் ஏணியோடு பெயிண்டர் இறங்கி, மொட்டைச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"சுரண்ட ஆள் வேண்டாம், சாரே சுரண்டிடுவாருன்னு போன வாரமே சொன்னீங்க அக்கா, நான்தான் நம்பல."